ஏழு சுற்றில் ஒரு கல்

காலை ஆறரை மணி வெயில் தென்னை மட்டைகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருக்கும்போது அண்ணி கல் வட்டத்திலிருந்து வெளியே வருவார். குளித்த ஈரம் காயாத முடியைத் துண்டால் சுற்றிக் கட்டியிருப்பார். சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் தூக்கிச் செருகியிருப்பார். வாசல் கல்லருகே கழற்றி விட்ட செருப்பைக் காலாலேயே துழாவிக்கொண்டிருப்பார். நான் வரப்பில் நின்று அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். கேட்கவே வேண்டியதில்லை, இருந்தாலும் அவராகச் சொல்லிவிடுவார். "இன்னைக்கும் தள்ளிப்போட்டுதுங்க தம்பி. மூணாவது சுத்துல பால்காரன் நெனப்பு வந்துபோச்சு. நேத்துத் தண்ணியாட்ட ஊத்திப்போட்டுப் போனான் பாருங்க, அது." அந்தப் பால்காரன்மீது எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. பாவம், அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை.

அந்த வட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் ஏழுசுத்துக் கோட்டை என்று பெயர். கோட்டை என்றதும் மதிலும் கொத்தளமும் நினைத்துவிடாதீர்கள். முழங்காலுக்கும் கீழான கற்களை வரிசையாக ஊன்றி, ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு சுற்றுப் பாதை அமைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பாதை ஒன்றே ஒன்று, கிளை கிடையாது. வாசலில் கால் வைத்தால் உள்ளே இழுக்கும், நடுவுக்கு நெருக்கமாகக் கொண்டுபோகும், பிறகு ஓரத்துக்குத் துரத்தும், கடைசியில் நடுவில் நிறுத்தும். வந்த வழியே திரும்பி வர வேண்டும். கல்லைத் தாண்டக் கூடாது. விடியலில் குளித்து, வெறும் வயிற்றோடு, வெறுங்காலோடு, தொலைந்துபோன ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு நடந்து நடுவை அடைந்தால் அடுத்த அமாவாசைக்குள் அது கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. மனசு வேறு பக்கம் அலைந்தால் கோட்டை வெளியே தள்ளிவிடும் என்பதும் அதே நம்பிக்கைதான். கிளையே இல்லாத பாதை எப்படி ஒருவரைத் தள்ளும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணிக்குத் தொலைந்தது என் அண்ணன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்களான எங்களுக்கு வருடாவருடம் உள்ளதுதான். அந்த வருடமும் அண்ணன் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு ஊர்க் கூட்டத்தோடு கிளம்பினார். மடத்துக்குளம் தாண்டி ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்தவர், "நீங்க முன்னால போங்க, காலக் கழுவிப்போட்டு வாரேன்" என்றாராம். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. வீட்டில் சண்டையா, சச்சரவா என்று போலீஸ்காரர் துருவித் துருவிக் கேட்டார். ஒன்றுமே இல்லை. முந்தின நாள்தான் கிணற்று மோட்டாருக்கு ஃபுட்வால்வு மாற்றினார். கிளம்பும்போது அண்ணியிடம் பஞ்சாமிர்தம் எத்தனை டப்பா வாங்கி வரட்டும் என்று கேட்டார். போய்விட நினைத்தவர் செய்கிற வேலையா இதெல்லாம்? சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் கோபம் ஆறித் திரும்பி வருவார் என்றாவது இருந்திருக்கலாம். எங்களுக்கு அந்தச் சௌகரியமும் இல்லை.

முதல் வருடம் முழுவதும் தேடினோம். பழனி மடங்கள், ஆஸ்பத்திரிகள், போத்தனூர் ரயில்வே பிளாட்பாரம் என்று எங்கெல்லாமோ போனோம். வால்பாறை எஸ்டேட் ஒன்றில் அண்ணனைப் போல ஒருவர் வேலை செய்கிறார் என்று யாரோ சொல்ல, நானும் அண்ணியும் பஸ் ஏறினோம். தொழிலாளர் லைன் வீடுகளுக்கு முன்னால் ஒருவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். முதுகு அப்படியே அண்ணனுடையது. இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நிற்பதுகூட அப்படியே. திரும்பினால் வேறு முகம். அண்ணி சிறிது நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க, சாப்டீங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் குழம்பிப்போய் ஆமாங்க என்றார். மலையிறங்கும்போது வளைவுக்கு வளைவு அண்ணிக்கு வாந்தி. அழவில்லை. கீழே ஆழியாறு வந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, "தேடறதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க தம்பி. கூப்படற வழி ஏதாச்சும் பார்க்கோணும்" என்றார்.

கூப்பிடும் வழி என்று அவர் சொன்னது கோட்டையைத்தான். அண்ணியின் பிறந்த வீடு பொள்ளாச்சிப் பக்கம். அங்கே ஒரு காட்டில், காடு என்றால் எங்கள் ஊரில் விளைநிலம், யார் வைத்தது என்று தெரியாத பழைய கோட்டை ஒன்று உண்டு. மாடு தொலைந்தவர்கள், தாலிச் சரடு தொலைத்தவர்கள் நடந்ததை அண்ணி சிறு பிள்ளையாக வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். வேண்டுதல் இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பதால் நடந்ததில்லை. வேண்டுதல் வந்தபோதோ, நிலம் கைமாறி, புது ஆள் கம்பிவேலி போட்டுப் பூட்டிவிட்டார். தினமும் யாரையும் உள்ளே விட முடியாது என்று கையை விரித்துவிட்டார். அண்ணி என்னிடம் வந்தார். "நீங்க அளக்கறவுங்கதானுங்க தம்பி. அதையாட்டவே நம்ம தோப்புல ஒண்ணு வெச்சுக் குடுத்தீங்கன்னாப் போதும்."

நான் நிலம் அளப்பவன். லைசன்ஸ் வாங்கிய சர்வேயர். என் தொழிலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பானேன். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வெட்டு குத்து வரை போனவர்கள்கூட நான் கல் ஊன்றினால் வாயை மூடிக்கொள்வார்கள். சாமி பூதம் என்று நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. தொலைந்த மாடு தானாக வீடு திரும்பியதற்கெல்லாம் கல்லுக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று அண்ணியிடமே கிண்டலடித்தேன். "மாட்டுக்கு ஊட்டு வழி தெரியுமுங்க அண்ணி. அண்ணனுக்குந் தெரியும். கல்லு எதுக்குங்க?" அண்ணி ஒரு டம்ளர் மோரை என் முன்னால் வைத்துவிட்டு நின்றார். அந்த நிற்பைப் பார்த்த பிறகு மறுக்க யாராலும் முடியாது.

அந்தப் பக்கத்து சர்வேயர் ஒருவரைப் பிடித்து, நிலக்காரரிடம் பேசி, அரை நாள் அனுமதி வாங்கினேன். டேப்பும் நோட்டுமாக உள்ளே போனேன். கல்லுக்குக் கல் தூரம் எடுத்தேன், வளைவுக்கு வளைவு குறித்துக்கொண்டேன். ஒரு திருப்பத்தில் கண் உறுத்தியது. அங்கே ஒரு வரிசையில் ஒரு கல் அளவுக்கு இடைவெளி. அதற்குப் பக்கத்து வரிசையிலோ, எனக்குத் தேவையில்லை என்று தோன்றிய இடத்தில் ஒரு கல். மேய வந்த மாடு ஏதோ முட்டி நகர்த்தியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். எல்லைக்கோட்டில் ஓட்டை இருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இருபது வருடமாக ஓட்டையை அடைத்தே சாப்பிட்டவன். காகிதத்தில் அந்தக் கல்லை எடுத்து இடைவெளியில் வைத்து வரிசையை ஒழுங்காக முடித்தேன். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பது என் தொழிலின் முதல் விதி. அதை மீறியது அந்த ஒரு இடத்தில்தான்.

அந்த இடைவெளிதான் நடுவுக்குப் போகும் வழி. நான் அதை அடைத்துவிட்டேன். கல்லை எடுத்த இடத்தில் புதிதாக ஒரு வழி திறந்துவிட்டது. அது வாசலுக்குத் திரும்பும் வழி. ஆக, எங்கள் தோப்பில் நான் வைத்த கோட்டையில் யார் நடந்தாலும் மூன்று சுற்று சுற்றிவிட்டு வெளியேதான் வந்தாக வேண்டும். ஆயுள் முழுவதும் நடந்தாலும் நடுவைத் தொட முடியாது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஒரு தரம் நடந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அளந்தவன் எதற்கு நடந்து பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். தோப்பின் கிழக்கு மூலையில் மரங்கள் பட்டுப்போய்த் திறந்து கிடந்த இடத்தில், முப்பதடி அகலத்துக்கு, ஆற்றங்கரைக் கற்களைக் கொண்டுவந்து நானே ஊன்றினேன். அண்ணி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். ஒரு கல்லும் ஆடாது, அவ்வளவு கச்சிதம்.

முதல் நாள் வெளியே வந்தபோது அண்ணி சிரித்தார். "மொத நாளே விடுமாங்க? மனசு நூறு பக்கம் ஓடுது." மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. வரிசைகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், குனிந்து கல்லை மிதிக்காமல் நடப்பவருக்கு எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். நடுவுக்குப் பக்கமாக வந்ததுபோல் இருக்கும், ஒரு வளைவு திரும்பினால் செருப்பு கண்ணில் படும். அண்ணி கோட்டையைச் சந்தேகிக்கவில்லை. என்னையும் சந்தேகிக்கவில்லை. நான் வைத்த கல் தப்பாது என்று ஊருக்கே தெரியுமே. அவர் சந்தேகித்தது தன் மனசை மட்டும்தான். அன்றன்றைக்கு எந்த நினைப்பு குறுக்கே வந்தது என்று கண்டுபிடித்து, மறுநாளைக்குள் அதைத் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துவிடுவதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டார்.

இரண்டு மாடு இருந்தது. நடக்கும்போது கன்று கத்தும், மனசு அங்கே போய்விடும். மாட்டைக் கொடுத்துவிட்டார். மாடு போனதால் பால்காரன் வந்தான், பால்காரன் நினைப்பு வந்தது, காப்பியை நிறுத்தினார். ரவிக்கை தைத்துக் கொடுப்பார், நல்ல கை அவருக்கு. அளவு தப்பிப்போன ஒரு ரவிக்கை இரண்டாவது சுற்றில் நினைவுக்கு வந்ததாம். மிஷினைத் துணி போட்டு மூடிப் பரணில், எங்கள் பேச்சில் அட்டாலியில், ஏற்றச் சொன்னார். டி.வி. நின்றது. கல்யாணங்களுக்குப் போவது நின்றது. எதிர்வீட்டு அம்மா சாயங்காலம் வந்து பேசிக்கொண்டிருப்பார், சிரிப்பும் கேலியுமாக இருக்கும். அந்தப் பேச்சு காலையில் காதுக்குள் கேட்கிறது என்று அவரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "கோவிச்சுக்காதீங்க அம்மணி, அவரு வந்த பொறவு எப்பவும்போல பேசலாமுங்க" என்று சொன்னாராம். எதிர்வீட்டு அம்மா என்னிடம் வந்து அழுதுவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு ஒரே மகள். அப்பா போனபோது காலேஜில் இருந்தவள், நானும் என் மனைவியும் மணையில் உட்கார்ந்து கல்யாணம் செய்து கொடுத்தோம். கோயம்புத்தூரில் இருக்கிறாள். தினமும் காலையில் அம்மாவுக்குப் போன் செய்வாள். அண்ணி அதையும் வாரத்துக்கு ஒரு நாள் ஆக்கினார். கோவைக்கு வெளியே மலையடிவாரத்தில் இப்போது இதே போன்ற வட்டங்களைப் புல்தரையில் அமைத்திருக்கிறார்கள். மன அமைதிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் போய் நடந்துவிட்டு வருகிறார்கள். எதையும் வேண்டாமல், எதையும் நினைக்காமல், அடி மேல் அடி வைத்து நடந்தாலே மனம் லேசாகும் என்று அங்கே சொல்லிக் கொடுக்கிறார்களாம். மகள் ஒரு தரம் அம்மாவை அங்கே அழைத்துப் போகப் பார்த்தாள். "வேண்டுதல் இல்லாம எதுக்குக் கண்ணு நடக்கறது? காலு வலிக்கறதுக்கா?" என்று அண்ணி கேட்டுவிட்டார். அவள் தனியே என்னைப் பிடித்துக்கொண்டாள். "சித்தப்பா, அப்பா போனது போச்சுங்க. அம்மாவ அந்த வட்டத்துக்குள்ள இருந்து எப்படியாச்சும் வெளிய கொண்டாந்துபோடுங்க." நான் பார்க்கிறேன் என்றேன். என்னத்தைப் பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

இப்படி ஆறு வருடம் போயிற்று. பக்கத்துத் தோப்புக்காரர் சொட்டுநீர்க் குழாய் பதிக்க வரைபடம் கேட்டார். நான் புதிதாக வாங்கியிருந்த டிரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்க்கும்போது ஓரத்தில் எங்கள் தோப்பும் விழுந்திருந்தது. மூலையில் என் கோட்டை, தட்டில் பிழிந்து வைத்த முறுக்குபோல அழகாகத் தெரிந்தது. பெருமையாகத்தான் இருந்தது. பெரிதாக்கி, வாசலில் விரலை வைத்துப் பாதையோடு நகர்த்தினேன். விரல் மூன்று சுற்று சுற்றி வாசலுக்கே வந்தது. விரல் தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி வைத்தேன். மறுபடி வாசல். பழைய நோட்டைத் தேடியெடுத்தேன். அந்தத் திருப்பத்தில் நான் கைப்பட எழுதிய குறிப்பு இருந்தது: 'கல் நகர்ந்துள்ளது, சரிசெய்யப்பட்டது.'

அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எண்ணினேன். மாடு, மிஷின், எதிர்வீட்டு அம்மா, மகளின் போன் என்று ஆறு வருடமாக அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தது எல்லாம் என் ஒரு கல்லுக்காக. அவர் மனசில் ஒரு குறையும் இல்லை. பால்காரனை நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் அந்தப் பாதை அங்கேதான் போயிருக்கும். நேரே போய் அண்ணியின் காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தரம் அவர் வீட்டு வாசல் வரை போனேன். ஒரு தரம் தேங்காய் வெட்டு எப்போது என்று கேட்டுவிட்டு வந்தேன், இன்னொரு தரம் ஒன்றும் கேட்காமலே வந்தேன். ஊர்க்காரர்களின் முகமெல்லாம் முன்னால் வந்தது. சர்வேயர் வைத்த கல் தப்பாம் என்று டீக்கடையில் சொல்வார்கள் என்பதுகூட மனசில் ஓடியது. வெட்கக்கேடு, ஆனால் ஓடியது.

கடைசியில் திருட்டுத்தனமாகச் சரிசெய்தேன். ஒரு மத்தியானம் அண்ணி ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது கடப்பாரையோடு போய் அந்தக் கல்லை நெம்பி எடுத்து, எங்கே இருந்திருக்க வேண்டுமோ அங்கே ஊன்றினேன். பழைய குழியில் மண் போட்டு மிதித்து, மேலே சருகு பரப்பினேன். பத்து நிமிட வேலை. அப்போது நான் நினைத்தது இதுதான்: அண்ணி ஒரு தரம் நடுவைத் தொட்டுவிட்டால் போதும், தன் மனசு சுத்தம்தான் என்று அவருக்கு நிம்மதி வந்துவிடும், மிஷினைக் கீழே இறக்கச் சொல்வார், மகளுக்குப் போன் செய்வார். அமாவாசையை நான் மறந்தே போனேன்.

மறுநாள் காலை குழாய் உடைப்பு பார்ப்பதுபோல் வரப்பில் நின்றேன். அண்ணி வழக்கம்போல் குனிந்த தலையோடு நடந்தார். அந்தத் திருப்பம் வந்ததும் பழகிய கால் வெளிப்பக்கம் போயிற்று. அங்கே கல் இருந்தது. நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு மறுபக்கம் திறந்திருந்த வழியில் ஓர் அடி வைத்தார். நான்காவது சுற்று, பிறகு உள்சுற்று. ஆறு வருடத்தில் அவர் பாதம் படாத மண் அது, புல் முளைத்திருந்தது. நடுவுக்குப் போனதும் அவர் கும்பிடவில்லை. தொலைந்துபோன பிள்ளை நிற்பதுபோல் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். வந்த வழியே திரும்பி வெளியே வந்தவர் செருப்பைக்கூட மறந்து வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

அன்றைக்கு மத்தியானமே வீட்டைக் கழுவிவிட்டார். அண்ணனின் வேட்டி சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டார். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் எடுத்து வைத்தார், அண்ணனுக்கு அது உயிர். மகளைக் கூப்பிட்டு, "அப்பா வர்றாரு கண்ணு, லீவு சொல்லி வையி" என்றார். அவள் என்னிடம் போனில் விம்மி விம்மி அழுதாள். அமாவாசைக்குப் பதினொரு நாள் இருந்தது. உடுமலையிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அண்ணி வாசலுக்கு வந்து நின்றார். ஆறு வருடம் கழித்துத் தலையில் பூ வைத்திருந்தார். முகம் பூரித்துக் கிடந்தது. பதினொரு நாளும் எனக்கு நம்பிக்கை இல்லாத எல்லாச் சாமியையும் வேண்டினேன். அண்ணன் வரவில்லை. அமாவாசைக்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அண்ணி பூவை எடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஏனுங்க தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். அந்தக் கோட்டையில கல்லு ஏதாச்சும் மாத்தி வெச்சீங்களா? அன்னைக்குக் காலு சொல்லுச்சுங்க, இது வேற வழின்னு." குரலில் கோபம் இல்லை. கண்ணைப் பார்த்தேன். அவர் என்னை விசாரிக்க வரவில்லை, பிச்சை கேட்க வந்திருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோட்டை கலைந்த கோட்டை, நடந்த நடை செல்லாது, அமாவாசைக் கெடுவும் செல்லாது, அண்ணன் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று அவர் மறுபடி நம்பலாம். அது எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. விளங்காமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் வாய் இத்தனை வருடத் தொழில் பழக்கத்தில் தானாகப் பேசியது. "நான் வெச்ச கல்லு வெச்ச எடத்துலதானுங்க அண்ணி இருக்குது."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டார். "அப்பச் சரிங்க. நான் சரியாத்தான் நடந்திருக்கறேன். உசுரோட இருந்தா வந்திருப்பாருங்க. ஆகவேண்டிய காரியத்தப் பாத்துபோடுங்க தம்பி." அவ்வளவுதான் சொன்னார். மகன் இல்லாத வீட்டில் அந்தக் காரியம் தம்பியுடையது. அமராவதி ஆற்றங்கரையில் தர்ப்பையால் அண்ணன் உருவம் செய்து படுக்கவைத்தார்கள். மொட்டையடித்த தலையோடு நான் கொள்ளி வைத்தேன். எங்கேயோ ஒரு ஊரில் அண்ணன் அந்த நேரம் டீ குடித்துக்கொண்டிருக்கலாம். புல் ஒரு நிமிடத்தில் எரிந்துவிட்டது. கரையில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வெறும் நெற்றியோடு அண்ணி நின்றார். இதைச் செய்தது நான், என் அண்ணியை விதவையாக்கியது நான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. இலை போட்டுச் சொந்தபந்தங்களுக்குப் பரிமாறினேன்.

இரண்டு வருடம் ஆகிறது. மிஷின் அட்டாலியிலேயே இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா வந்து உட்காருகிறார், ஆனால் பேச்சு ஓடுவதில்லை. மகள் தினமும் போன் செய்கிறாள், அண்ணி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறார். மனசில் குறுக்கே வந்த எல்லாவற்றையும் அவர் எடுத்துப்போட்டிருந்தார். எதற்காக எடுத்தாரோ அதுவும் போய்விட்டது, இப்போது அங்கே ஒன்றுமே இல்லை. உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால், எரித்த அண்ணனை மறுபடி எழுப்பி எங்கோ அலையவிட வேண்டும், அழித்த பொட்டை வைக்கச் சொல்ல வேண்டும், ஆறு வருடத்தை யார் தின்றார்கள் என்று காட்டிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் சொல்வது இன்னும் கஷ்டமாகிறது. சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் அதில் நடக்கிறேன். காலையில், செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லை மிதிக்காமல் நடக்கிறேன். அண்ணனை நினைக்க வேண்டும் என்று தொடங்குவேன். இரண்டாவது சுற்றுக்குள் பட்டா மாறுதல், வர வேண்டிய ஃபீஸ் பாக்கி, டீக்கடைப் பேச்சு, என் பொய் என்று எல்லாம் கூட்டமாக வந்துவிடும். கோட்டை என்னைத் தள்ளுவதே இல்லை. இத்தனை அழுக்கோடும் ஒரு நாள் தவறாமல் நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கொஞ்ச நேரம் நிற்பேன். அங்கே ஒன்றும் கிடையாது, நாலு கல்லும் கொஞ்சம் புல்லும்தான்.

போன வாரம் வெளியே வரும்போது அண்ணி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நான் முன்பு நின்று பார்த்த அதே இடம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யார நெனச்சுங்க தம்பி நடக்கறீங்க?" என்று கேட்டார். சொல்லிவிட அதைவிட நல்ல சமயம் இனிக் கிடைக்கப்போவதில்லை.

"சுகருக்குங்க அண்ணி. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கறாரு" என்றேன்.

"நடங்க, நடங்க" என்றார் அண்ணி. "சுகருக்குன்னா நடு வரைக்கும் போகோணும்னு இல்லீங்க தம்பி. சுத்துனாலே போதும்."